பலகையில் ஒரு கோடு

காலையில் எழுந்ததும் மிதுன் பல் தேய்த்துக்கொண்டே கூடத்துக்கு வந்து நலப்பலகையைப் பார்ப்பான். வாசல் கதவுக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் நாட்காட்டி மாட்டிய இடத்தில், எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். அவரவர் கழுத்தெலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்திருக்கும் ‘மணி’ என்ற சின்னக் கருவி சொல்வதைப் பலகை எழுதிக் காட்டும். ‘ரித்திகா: பச்சை. தூக்கம் போதும். பசி லேசாக. மனம் தெளிவு.’ அதைப் படித்துவிட்டுத்தான் எனக்குக் காப்பி போடப் போவான். பசி லேசாக இருந்தால் அரை டம்ளர். மனம் கலக்கம் என்றால் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக. கல்யாணமான நாளிலிருந்து இதில் அவன் தவறியதில்லை. கல்லூரியில் ஒரே வகுப்பு என்பதால் எனக்கு அவன் இன்றைக்கும் ‘அவன்’தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு திரும்பிய மறுநாள், அவன் வாய் நிறைய நுரையோடு பலகை முன்னால் நின்றுகொண்டே இருந்தான். என் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் கிடந்தது. கடைசியில் அரை டம்ளர் ஒன்று, முழு டம்ளர் ஒன்று, இரண்டையும் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கொஞ்ச காலமாகவே என் இதயம் தாளம் தப்பிக்கொண்டிருந்தது. தொடையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை விட்டு, வம்பு செய்யும் இடங்களை உறைய வைத்தார்கள். டாக்டர் எழிலரசி விவரமாகச் சொல்லித்தான் அனுப்பினார். உள்ளே பட்ட காயம் ஆற மூன்று மாதம் ஆகும், அதுவரை துடிப்பு தடுமாறும், திடீரென்று ஓடும், அதையெல்லாம் சிகிச்சை தோற்றதாகக் கணக்கில் எடுக்கமாட்டோம் என்றார். மணி வேலை செய்தால் பலகை சும்மா சும்மா சிவந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடும். அதனால் அதை நிறுத்தி வைப்பார்கள். காகிதத்தில் இதற்குக் ‘கணிப்பு விலக்கு’ என்று பெயர். வார்டில் எல்லாரும் சொல்வது கோட்டுக் காலம்.

“அசதி இருக்கும்மா. நிறையவே இருக்கும். அதோட சண்டை போடாதீங்க,” என்றார் கிளம்பும்போது.

கோடு விழுந்தால் என்ன, பக்கத்தில் இருப்பவளிடமே கேட்டுவிட வேண்டியதுதானே என்று பழைய காலத்து ஆள் யாராவது நினைக்கலாம். எங்களிடம் அது அநாகரிகம். ‘எப்படி இருக்கீங்க’ என்று ஒருவரைக் கேட்டால், பலகையைப் பார்க்கக்கூட உனக்கு மனமில்லையா என்று அர்த்தம். கேட்கக் கூடாது, பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் இதனால் நன்மைதான். உயிர் போகிற வலியிலும் ‘நல்லா இருக்கேன்’ என்று சிரித்த ஜனங்கள் பிழைத்துக்கொண்டார்கள். நாளடைவில் கேட்கிற பழக்கமே விட்டுப்போயிற்று.

கோயம்புத்தூரிலிருந்து எங்கள் மகள் அலமேலு தினமும் கூப்பிட்டாள். எங்கள் தலைமுறையில் எல்லாரும் பிள்ளைகளுக்கு இப்படிப் பழைய பெயராகத் தேடிப் பிடித்து வைத்தோம். “அம்மாவுக்கு இன்னும் கோடுதானாப்பா?” என்பாள். “கோடுதான்மா,” என்பான் இவன். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அசதியோ, டாக்டர் சொன்னதைவிட ஒரு பங்கு கூடவே இருந்தது. மணப்பாறையில் மின்சாரம் எடுக்கும் வெயில் பண்ணையில் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நாள் முழுக்க நடக்கிறவள் நான். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியில் இறக்கி வைக்கத் தோன்றியது. ஒரு தோசை தின்றுவிட்டு, தின்ற களைப்புக்கு ஒரு தூக்கம் போட்டேன். சும்மா இருக்கும்போது நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு வழுக்கி விழுந்து எழுந்து போகும். பயமாக இருந்தது. அதைவிட, பயமாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாதது எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் குளித்து முடித்து உடுத்துவதற்குள் மூச்சு வாங்கி, குளியலறை முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழ மனமில்லை. வெளியே மிதுன் நடக்கும் சத்தம் கேட்டது: கூடத்துக்குப் போகிறான், பலகையைப் பார்க்கிறான், திரும்பி வருகிறான், மறுபடி போகிறான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நான் கட்டையைப் போலக் கிடந்தாலும் இந்த ஆள் பலகையிடம்தான் போய் நிற்பான் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். வாசலில் நாற்காலி போட்டு வைத்திருந்தான். என்னை அதில் உட்கார வைத்தான். பிறகு போய், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான்.

“எப்படி இருக்கு?” என்றான், ரகசியம் போல.

பதில் சொல்ல வேண்டும் என்றதும் நான் செய்தது, தலையைத் திருப்பிப் பலகையைப் பார்த்ததுதான். அங்கே கோடு இருந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் எனக்கு மறுபடி மூச்சு வாங்கியது.

“இரு, யோசிச்சுச் சொல்றேன்,” என்றேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தேடிப் பார்த்தேன். “கால் கனமா இருக்கு. நெஞ்சுல வலி இல்ல. பயம் இருக்கு.”

அவன் தலையாட்டினான். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் என் காலைப் பிடித்துவிட்டான்.

அன்றிலிருந்து தினமும் கேட்டான். நானும் சொல்லப் பழகினேன். களைப்பு என்றால் படுத்தால் போய்விடும், அசதி படுத்தாலும் கூடவே படுத்துக்கொள்ளும், அலுப்பு உடம்பில் இல்லை, மனசில்தான் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னேன். அசதி என்றால் என்னைப் பேச விடமாட்டான். அலுப்பு என்றால் மாடிக்குக் கூட்டிப்போய் உறையூர்த் தெருவை வேடிக்கை காட்டுவான். நடை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. காய் நறுக்கினேன், தலை வாரிக்கொண்டேன். நெஞ்சில் வழுக்கி விழும் துடிப்புகளும் குறைந்துகொண்டே வந்தன.

ஒரு மாலை மாடியில் பேச்சுவாக்கில், அலமேலு கல்யாணத்து வாரம் முழுக்க எனக்கு இதே அசதிதான் என்று சொல்லிவிட்டேன்.

“அப்ப பச்சையாத்தானே இருந்துச்சு?” என்றான்.

“துடிப்பு சரியா இருந்துச்சு, தூங்கினேன், சாப்பிட்டேன். அது பச்சைன்னு போட்டுச்சு. நான் அப்படி இல்ல.”

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். பிறகு, “தினமும் பாத்தேனே ரித்தி,” என்றான். பார்த்தான்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் மாதம் முடிய முடிய, உடம்பு தேறுகிற சந்தோஷத்துக்கு நடுவே எனக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. மணி திரும்ப ஓடும். பலகை பேசும். இவன் கேட்பதை நிறுத்திவிடுவான். இதயம் சரியாக வேண்டும், கோடு மட்டும் இருக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளை மாதிரி வேண்டிக்கொண்டேன். டாக்டர் எழிலரசி பரிசோதித்துவிட்டு, தாளம் அருமையாக இருக்கிறது, இனிமேல் பண்ணைக்குப் போகலாம் என்றார். மணியைத் தட்டி எழுப்பினார். மிதுன் அவருக்குக் கைகூப்பினான். நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் காலை படுக்கையில் விழித்தபடி கிடந்தேன். அவன் பல் தேய்த்துக்கொண்டே கூடத்துக்குப் போகும் சத்தம் கேட்டது. பலகை முன்னால் நடை நின்றது. அவ்வளவுதான், முடிந்தது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

காப்பி வாசம் வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“எப்படி இருக்கு?”

எழுந்து பார்த்தேன். கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. பலகையின் மேல் அவனுடைய ஈரத்துண்டு விரித்துப் போட்டிருந்தது.

“நல்லா இருக்கு. நிஜமாவே நல்லா இருக்கு,” என்றேன். டம்ளரை வாங்கும்போது அவன் விரல்களைப் பார்த்தேன். நகத்தையெல்லாம் கடித்துத் துப்பியிருந்தான். இந்த மூன்று மாதமும் அவன் பெயருக்கு நேரே ‘பச்சை, மனம் தெளிவு’ என்று இருந்தது. நானும் அதைத் தினமும் படித்திருக்கிறேன். கேட்கவில்லை என்று இவன்மேல் குறைபட்டவள், ஒருநாளாவது இவனைக் கேட்டேனா?

“உனக்கு எப்படி இருக்கு, மிதுன்?”

அவன் சட்டென்று தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தான். அங்கே துண்டுதான் தொங்கியது.

“இரு, யோசிச்சுச் சொல்றேன்,” என்று கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கியது. “ரொம்ப அசதியா இருக்கு ரித்தி.”

நான் நகர்ந்து இடம் விட்டேன். பக்கத்தில் படுத்துக்கொண்டான். அன்றைக்கு இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை.