சுண்டுவிரல் வலித்த பக்கம்

அலைவாயில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையில் எழுந்து பல் தேய்ப்பார்கள், குளிப்பார்கள், இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே அன்றைய அழுகையை அழுது முடிப்பார்கள். தமிழ்ப் பாடத்தில் சோகக் கதை இருக்கும் நாளில் இதை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. வெளியே கிளம்பும்போது முகக்கவசம் மாட்டியாக வேண்டும்; கவசத்துக்குள் மூக்கு ஒழுகினால் யார் துடைப்பது?

அலைவாய் இருப்பது செவ்வாய்க் கிரகத்தில். கடலே இல்லாத இடத்தில் அலை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய முதல் குடும்பங்கள் வைத்த பெயர்; பேரப்பிள்ளைகள் காலத்திலும் அப்படியே நிற்கிறது.

அங்கே எல்லோருக்கும் காதின் பின்னால், தோலுக்கடியில், மிளகளவு ஒரு செவிமணி உண்டு. ஒருவர் ஒரு புத்தகத்தைப் படிக்கும்போது அவருக்கு எங்கே தொண்டை அடைத்தது, எங்கே சிரிப்பு வந்தது, எங்கே மயிர் கூச்செறிந்தது என்பதையெல்லாம் அந்த மணி பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மெய்ப்பாடு என்று பெயர். அந்த மெய்ப்பாட்டை இன்னொருவர் தன் மணியில் ஏற்றிக்கொண்டால் போதும். முந்நூறு பக்க நாவலின் கதைச் சுருக்கமும் துக்கமும் மூன்றே நிமிடத்தில் வந்து சேரும். பள்ளிப் பாடங்களுக்கெல்லாம் பாடநூல் குழு ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரைப் படிக்கவைத்து, அவருடைய மெய்ப்பாட்டை ஊருக்கே கொடுத்திருந்தது. பாவம், அவருக்கு வாயுக் கோளாறு. ஆகவே அலைவாய்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காவியம் என்றாலே லேசாக வயிறு உப்பும்.

இந்த ஊரில்தான் பதினைந்து வயது அமலி கண்ணால் படித்தாள். பாடத்துக்காக இல்லை, பரீட்சைக்காக இல்லை, சும்மா, ஆசைக்கு. பொது நூலகத்துச் சேமிப்பிலிருந்து யாரும் தொடாத பழைய நாவல்களைத் திரையில் இறக்கி, எழுத்தெழுத்தாக, வரிவரியாகப் படித்தாள். அவள் அம்மா பிலோமினாவுக்கு இது பெரிய கவலை. "மூணு நிமிசத்துல முடியுததுக்கு மூணு வாரமா?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். பெண்ணுக்கு ஏதோ கோளாறு என்று இரண்டு வைத்தியரிடம் காட்டியும் பார்த்தாள்.

அமலிக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. ஏனென்றால் அவளுக்குப் பெர்னத் இருந்தாள்.

பெர்னத் அதே வகுப்பு. காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்னால், முகக்கவசம் தேவைப்படாத மூலையில், வெதுவெதுப்பான குழாய்களில் சாய்ந்துகொண்டு இருவரும் மாலைகளில் புத்தகம் பேசுவார்கள். ஆளுக்கொரு பிரதியைக் கண்ணால் மட்டுமே படிப்பது, யாருடைய மெய்ப்பாட்டையும் தொடுவதில்லை என்று மாதாவின் பேரால் சத்தியம் செய்திருந்தார்கள். அமலி ஒரு தந்திரம் வைத்திருந்தாள்: தன் கருத்தை முதலில் சொல்லவே மாட்டாள். பெர்னத்தைத்தான் சொல்லவிடுவாள். பெர்னத் வாயைத் திறந்தால், அமலி நெஞ்சில் இருந்தது அப்படியே அவள் நாக்கிலிருந்து வந்து விழும். அமலி எங்கே அழுதாளோ அங்கே பெர்னத்தும் அழுதிருப்பாள். உலகத்தில் தனக்கென்று இன்னொரு மனசு இருக்கிறதே என்று அமலிக்கு உச்சி குளிர்ந்து போகும். இருவரும் தங்கள் செவிமணிகளை ஒன்றுக்கொன்று திறந்தும் வைத்திருந்தார்கள். அங்கே உயிர்த்தோழிகள் எல்லோரும் செய்வதுதான். வீட்டுச் சாவியைக் கொடுத்து வைப்பது போல.

பெர்னத் ஒருமுறை தானே ஒரு கதைகூட எழுதினாள். ஒரு மாதம் உட்கார்ந்து எழுதி, அமலிக்கு மட்டும் அனுப்பினாள். 'அருமைட்டி, அழுதே போனேன்' என்று அமலி கையோடு பதில் போட்டாள்.

அந்தச் சமயத்தில் அவர்கள் எடுத்திருந்த நாவல், மழை பெய்யும் ஊரில் வாழ்ந்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டரைப் பற்றியது. இருவருக்கும் மழையும் தெரியாது, ரயிலும் தெரியாது. ஆனாலும் அமலி அந்த மனுசன்மேல் உயிரையே வைத்துவிட்டாள். நடுவில் ஒரு பக்கம் மட்டும் உப்புச் சப்பில்லாமல் இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் நடைமேடையில் கிடக்கும் மூட்டைகளை எண்ணுகிறார், அவ்வளவுதான். அதை நடந்துகொண்டே படித்த அமலி, கால் சுண்டுவிரலைக் கட்டில் காலில் நங்கென்று இடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டியது. நொண்டிக்கொண்டே மிச்சத்தைப் படித்தாள்.

மறுநாள் குழாயடியில் வழக்கம்போல பெர்னத்தை முதலில் பேசவிட்டாள். பெர்னத் பெருமூச்சு விட்டாள்.

"அந்த மூட்டைய எண்ணுத எடம் இருக்குல்லா... எனக்கு சுரீர்னு இருந்துச்சுட்டி. கண்ணுல தண்ணியே வந்துட்டு."

குழாயில் சாய்ந்திருந்த அமலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்கட்டி வலிச்சுது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"சொன்னா சிரிப்ப. கால் சுண்டுவிரல்ல. நல்ல எழுத்துன்னா அப்பிடித்தான் போல."

வேறு நாளாக இருந்தால் அமலி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அடிபட்ட தன் சுண்டுவிரலைக் குனிந்து பார்த்தாள். இத்தனை மாதமும் ஒத்த மனசு, ஒத்த மனசு என்று பூரித்துப் போனதெல்லாம் தன் எச்சிலைத் தானே தின்ற கதைதானா? கொடுத்து வைத்த சாவியை எடுத்து வீட்டுக்குள் புகுந்து, அலமாரியிலிருந்து சேலையைத் திருடி, அதையே கட்டிக்கொண்டு எதிரில் வந்து 'எப்படி இருக்கு?' என்று கேட்டிருக்கிறாள். ஊரே மூன்று நிமிடத்தில் அழட்டும், சிரிக்கட்டும், அது ஊர். இவள் பெர்னத். மாதாமேல் சத்தியம் செய்தவள். கூட இருந்தே குழி பறித்துவிட்டாளே!

அமலி வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். திருடி என்றாள், கள்ளச்சத்தியக்காரி என்றாள், உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்றாள். பெர்னத் எதையும் மறுக்கவில்லை.

"ஒரு பக்கமாது படிச்சியாட்டி?" என்று கேட்டாள் அமலி.

"பத்துப் பக்கம் படிச்சேன். தூக்கம் வந்துட்டு. ஆனா நீ எங்க இருக்கியோ அங்க நானும் இருக்கணும்னு இருந்துச்சு."

அமலி காதின் பின்னால் இரண்டு முறை அழுத்தினாள். திறந்து வைத்திருந்த செவிமணி மூடிக்கொண்டது. பெர்னத் அதைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

"நான்தான் ஒங்கிட்ட சொன்னேம்லா."

"எப்பச் சொன்ன?"

"என் கதையில. கதையே அதுதான. கடைசியில கேட்டும் இருந்தேன், வேண்டாம்னா சொல்லிரு, விட்டுருதேன்னு. நீ அழுதே போனேன்னு போட்ட. மன்னிச்சிட்டன்னு நெனச்சேன்."



பெர்னத் எழுந்து முகக்கவசத்தைக் கையில் எடுத்தாள். மாட்டுவதற்கு முன்னால், கோபமே இல்லாத குரலில், ஒன்று சொன்னாள்.

"என் கதைக்கு நீ எப்பிடி அழுதன்னு பாக்க ஆச. ஒன் மெய்ப்பாட்டத் தெனமும் தேடுனேன். ஒண்ணுமே இல்ல, காலியா இருந்துச்சு. மணிதான் பழுதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

வீட்டுக்கு வந்த அமலி அம்மாவின் கேள்வி எதற்கும் பதில் சொல்லாமல் திரையின் முன் உட்கார்ந்து பெர்னத்தின் கதையைத் திறந்தாள். முந்நூறு பக்கத்தைச் சுளையாகப் படிக்கிறவளுக்கு இந்த நாலு பக்கத்துக்கு நேரமில்லாமல் போயிருந்தது. முன்பின் தெரியாத செத்துப்போன எழுத்தாளன் எழுதினால் புத்தகம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எழுதினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கதை ஒரு குழாயைப் பற்றியது. வீட்டில் தண்ணீர் வராத ஒரு பெண், பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து ரகசியமாகக் குடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வீட்டுக்காரி இவளுக்கும் சொந்தத் தண்ணீர் இருப்பதாக நம்புகிறாள்; 'உன் தண்ணீரும் என் தண்ணீரும் ஒரே ருசி' என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறாள். கடைசியில் இவள் கதவைத் தட்டி, உள்ளதைச் சொல்லி, வேண்டாம் என்றால் விட்டுவிடுவதாகவும் சொல்லிவிட்டு, பதிலுக்காக வாசலில் நிற்கிறாள். அத்தோடு கதை முடிகிறது. எழுத்துப்பிழை ஏராளம். அமலி ஏங்கி ஏங்கி அழுதாள். இந்த முறை கட்டில் காலில் எதுவும் இடிக்கவில்லை.

பிறகு எழுதத் தொடங்கினாள். எந்த வரியில் தொண்டை அடைத்தது, வாசலில் நிற்கிறவளைப் பார்த்து ஏன் வெட்கம் பிடுங்கித் தின்றது, 'ஒரே ருசி' என்ற இடத்தில் ஏன் திரையை மூடிவிட்டு மறுபடி திறந்தாள், எல்லாவற்றையும் எழுதினாள். தான் படிக்காமலே பதில் போட்டதையும் எழுதினாள். மன்னிப்புக் கேட்டாள். செவிமணியை மறுபடி திறந்து வைத்திருப்பதாகவும், வேண்டுமானால் இந்த அழுகையை எடுத்துக்கொள்ளும்படியும் எழுதினாள். கதையைவிடக் கடிதம் நீளமாகிவிட்டது. இருமுறை திருத்தி அனுப்பினாள்.

முதல் பத்தியைப் படித்து முடிக்கக்கூட நேரமிருந்திருக்காது. அதற்குள் பெர்னத்திடமிருந்து பதில் வந்துவிட்டது.

'அருமைட்டி, அழுதே போனேன்.'