பவளச் சரிவில் பிடித்த கை

1993 ஏப்ரலில், ஒரு ஞாயிறு முற்பகல். ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து கிளம்பிய அப்துல் காதரின் படகு, பாயார் தீவின் பவளப்பாறைகளுக்கு மேல் வந்து நின்றது. டீசல் வாடை, ரப்பர் உடையின் வாடை, சுள்ளென்ற வெயில். போன ஏப்ரலிலும் அம்பிகைபாகன் இதே இடத்தில்தான் குதித்தான். அன்று அவன் மனைவி கனகேஸ்வரியும் கூடவே குதித்தாள்.

நீருக்கடியில் இருவரும் கை கோத்தே நீந்துவார்கள். அன்று ஓர் ஆமையைப் படம் எடுக்க அவன் அவள் கையை விட்டான். ஒரு நிமிடம்கூட இருக்காது. திரும்பியபோது அவள் இல்லை. நீரோட்டம் கொண்டுபோய்விட்டது என்றார்கள். ஐந்து நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. அவள் ஆசிரியை. திருத்தாமல் விட்டுப்போன மாணவர் நோட்டுகள் டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டு மேசையில் இன்னும் கிடந்தன. பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வந்தபோதும் அவன் கொடுக்கவில்லை.

“நீங்க முன்ன இறங்குங்க அண்ணே. நான் பின்னாலேயே வரேன்லா,” என்றான் சந்திரசேகரன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கூட வேலை செய்பவன்.

அம்பிகைபாகன் இறங்கினான். தண்ணீர் கலங்கலாக இருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வாயில் கவ்விய குழாயில் அவன் மூச்சு மட்டும் உஸ்ஸென்று உள்ளே போய், குபுகுபுவென்று வெளியேறியது. சரிவை ஒட்டிப் போகையில் இடது கையை யாரோ பிடித்தார்கள்.

சந்திரசேகரன் வந்துவிட்டான்.

அந்தக் கை இரண்டு முறை அழுத்தியது.

சந்திரசேகரனுக்கு அது தெரியாது. ‘நான் இங்கேதான் இருக்கேன்’ என்று கனகேஸ்வரி சொல்லும் விதம் அது.

மெல்லத் தலையைத் திருப்பினான்.

மெலிந்த, வெளிறிய கை. மணிக்கட்டுக்கு மேலே மஞ்சள் மீன்கள் மட்டுமே. நூற்றுக்கணக்கில், ஓர் ஆள் உயரத்துக்கு, நெருக்கியடித்துக்கொண்டு அசையாமல் நின்றன.

அத்தனையும் அவனையே பார்த்தன.

ஆனாலும் அவன் விடவில்லை. அந்தக் கையோடு மணலில் மண்டியிட்டான். காற்றளவு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி இறங்கியது.

இந்தத் தடவை விடமாட்டேன், கனகா.

கைதான் விட்டது. ஒவ்வொரு விரலாக உருவிக்கொண்டது. பிறகு அவன் நெஞ்சில் பதிந்து, மேலே தள்ளியது.

படகில் ஏறியவன் மூச்சு வாங்கிக்கொண்டு விழுந்தான். சந்திரசேகரன் காய்ந்த உடையோடு உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, நான் இறங்கவே இல்லையே! என் காத்து டேங்க் லீக். கூப்பிட்டேன், அதுக்குள்ள நீங்க போயிட்டீங்க.”

“போதும் தம்பி, திரும்பிடலாம்,” என்று எஞ்சினை முடுக்கப் போன அப்துல் காதர், தண்ணீரை எட்டிப் பார்த்து நின்றுவிட்டார்.

“யா அல்லாஹ்... எல்லாரும் மேலதானே இருக்கோம்?”

படகின் ஓரத்தில் குமிழிகள். ஒரு கொத்து. சிறிய இடைவெளி. இன்னொரு கொத்து. கீழே யாரோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

படகு நகர்ந்தது.

குமிழிகளும் நகர்ந்தன.

அம்பிகைபாகன் விளிம்பைப் பற்றிக்கொண்டு குமுறி அழுதான். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் கிசுகிசுத்தான்:

“மெதுவா ஓட்டுங்க பாய். அவளால வேகமா நீந்த முடியாது.”