எட்டாம் நாள் பெயர்

"பேரு வைக்கிற எடத்துல நீ முன்னால வந்து நிக்காதே. அடுப்படியிலேயே இரு. சொல்லிட்டேன்!"

பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. அதற்குள் நாத்தனார் பொக்குவாவின் நாக்கு விழித்துக்கொண்டுவிட்டது. வெந்த வள்ளிக்கிழங்கைச் செம்பனை எண்ணெய் விட்டு மசித்துக்கொண்டிருந்த அஃப்ரகோமா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்க்கா? நான் வளத்த புள்ளையோட கொழந்தைக்குப் பேரு வைக்கிறாங்க..."

"வளத்தே. யாரு இல்லேன்னா? அதுக்காக? பொட்டப்புள்ளைக்குப் பேரு விழற நேரம். வயிறு தெறக்காதவ நெழலு அது மேல விழ வேணாம்!"

சொல்லிவிட்டு, விழாவுக்கு உடுத்திய வெள்ளைத் துணியைச் சரிசெய்தபடி பொக்குவா முற்றத்துக்குப் போய்விட்டாள். முப்பத்தோரு வருஷமாகக் கேட்டுப் பழகிய பேச்சுதான். பழகினால் வலிக்காது என்று சொல்கிறவர்கள் பட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அஃப்ரகோமா உலக்கையை இன்னும் அழுத்திக் குத்தினாள். பாவம், கிழங்குதான் மாட்டிக்கொண்டது.

ஒடூரோ, பொக்குவா பெற்ற மகன்தான். ஆனால் அவனுக்கு இரண்டு வயது ஆனபோது தம்பி அசென்சோவின் வீட்டில் இறக்கிவிட்டு, துணி வியாபாரம் என்று எல்லை தாண்டி அபிஜான் நகரத்துக்கு லாரி ஏறியவள் பொக்குவா. திரும்பி வந்தபோது பையனுக்கு மீசை முளைத்திருந்தது. நடுவில் இருந்த பதினாறு வருஷமும் அஃப்ரகோமாவுடையவை. மழைக்காலத்தில் அவனை முதுகில் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டவள் அவள். அவன் சீருடையைக் கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத் தேய்த்து அவள் கட்டைவிரலில் ஏறிய தழும்பு இன்றும் இருக்கிறது. இப்போது ஒடூரோ கணக்கு வாத்தியார். ஊரே 'சார்' என்கிறது.

அந்த ஒடூரோதான், குழந்தை பிறந்த எட்டு நாளாக அவள் முகத்தைப் பார்க்காமல் நழுவுகிறான்! "என்ன பேருப்பா வைக்கப்போறே?" என்று அவள் கேட்டபோதும், "பாக்கலாம் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனான். பெற்றவள் பக்கம் சாய்ந்துவிட்டான் என்றே அவள் நினைத்தாள். சாயட்டும். ரத்தம் ரத்தம்தானே...

அவளுடைய ரத்தம் அவளோடு முடிகிறது. எங்கள் இனத்தில் குலம் தாய்வழி. மகள் இருந்தால்தான் வீடு தொடரும். அஃப்ரகோமா ஒரே மகள். அவளுடைய அம்மா மூன்று தடவை வந்து அழுதாள். "அசென்சோவ விட்டுட்டு வாடி. வேற ஒருத்தனக் கட்டிக்கோ. நம்ம வீட்டுக் கதவ நீயே சாத்திடாதே!" மூன்று தடவையும் மகள் சொன்ன பதில் ஒன்றுதான். "கொறை என்கிட்டம்மா. யாரைக் கட்டினாலும் இதே கதிதான்." அம்மா அந்த வருத்தத்தோடுதான் கண்ணை மூடினாள்.

முற்றத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஒரு பக்கம் அசென்சோவின் குலத்தார், எதிர்ப்பக்கம் ஒடூரோவின் மனைவி மன்சாவின் குலத்தார். அசென்சோ குடும்பத் தலைவர். அவர் இருக்கும் சபையில் இருமுவதற்குக்கூட யோசிப்பார்கள். நடுவில் பெரியவர் நிமோ குழந்தையை மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் இரண்டு தம்ளர், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மது. நிமோ தொட்டு வைக்கும் சொட்டு குழந்தையின் நாக்கில் பட்டுவிட்டால் பெயர் பெயர்தான். பிறகு ராஜா வந்தாலும் மாற்ற முடியாது. வியாழக்கிழமை பிறந்த பெண் என்பதால் முன்னால் 'யா' தானாகச் சேரும்; அதற்குப் பின் வரும் பெயரைத் தகப்பன் கொடுப்பான்.

அஃப்ரகோமா அடுப்படி வாசலிலேயே நின்றாள். ஒடூரோ குனிந்து நிமோவின் காதில் ஏதோ சொன்னான். நிமோ புருவத்தை உயர்த்தினார், பிறகு சிரித்தார். தண்ணீரில் விரலைத் தோய்த்தார்.

"தகப்பன் கொடுக்கிற பேரு... யா அஃப்ரகோமா!"

"நிறுத்துங்க! தண்ணி வைக்காதீங்க!" பொக்குவா எழுந்து ஓடி வந்தாள். "ஒடூரோ, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பேரு வந்தா தலையெழுத்தும் கூட வரும்டா! மலடி பேர எந்த மடையனாவது பெத்த பொண்ணுக்கு வைப்பானா?"

நிமோவின் விரல் அந்தரத்தில் நின்றது. மன்சாவின் தாய் தச்சிவாவும் எழுந்தாள். "தப்பா நெனைக்காதீங்க... எனக்கு மூணு பொண்ணு. மன்சா ஒருத்திதான் பொண்ணு பெத்திருக்கா. எங்க குலம் இந்தக் கொழந்தைய நம்பித்தான் இருக்கு. அந்தம்மா நல்லவங்கதான். ஆனா பேரோட அதுவும் ஒட்டிக்கிட்டா...?"

"அத்தைக்குப் புள்ளை இல்லேன்னா நான் யாரு?" ஒடூரோவின் குரல் உடைந்தது. "கல்லுலேருந்தா மொளைச்சேன்? எட்டு நாளா அத்தை முகத்தைப் பாக்காம ஒளிஞ்சேன். பாத்தா ஒளறிடுவேன்னு பயம்!"

"பெத்தவ இங்கே குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்டா!"

அஃப்ரகோமா புகை படிந்த பழுப்புத் துணியோடு முற்றத்துக்கு வந்தாள். கண்ணீர் வழிந்தது. முதுகு மட்டும் வளையவில்லை.

"பெரியவரே, வேண்டாம். ஒடூரோ நெனைச்சதே எனக்குப் போதும். என் பேரு என்னோட போகட்டும். அதுக்காகக் கொழந்தை பேச்சு வாங்க வேணாம்."

"அஃப்ரகோமா, நில்லு."

அசென்சோ எழுந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேணாங்க... உங்களைக் கும்பிடறேன்..." என்று தலையை ஆட்டினாள்.

"முப்பத்தோரு வருஷம் நீ வேணாம்னதைக் கேட்டுட்டேதான் இருந்தேன். கல்யாணமாகி நாலாம் வருஷம் குமாசி ஆஸ்பத்திரியில ரெண்டு பேரையும் சோதிச்சாங்க. இவகிட்ட ஒரு கொறையும் இல்ல. கொறை என்கிட்ட! திரும்பி வர்ற பஸ்ஸுல நான் அழுதேன். 'கொறை என்னுதுன்னு சொல்லிக்கலாம், நீங்க தலை நிமிந்து நடங்க'ன்னா இவ. நானும் நடந்தேன்... வெக்கங்கெட்டவன், நல்லாவே நடந்தேன். இவ அம்மா எங்க வாசல்ல அழுதப்பகூட வாயத் தெறக்கல!"

அசென்சோ தோளில் கிடந்த துணியை இடுப்புக்கு இறக்கினார். அரசர் முன்னால் மட்டும் எங்கள் ஆண்கள் அப்படித் தோளை வெறுமையாக்குவார்கள். குடும்பத் தலைவர், கட்டிய மனைவி முன்னால் வெறுந்தோளோடு நின்றார்!

"என்ன காரியம் பண்ணினீங்க!" அவள் அழுகையும் கோபமுமாகக் கத்தினாள். "இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வச்சத ஒரு நிமிஷத்துல கொட்டிட்டீங்களே! நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். எனக்கப்புறம் ஒனக்குன்னு நான் விட்டுட்டுப் போக வேற என்ன இருக்கு? நெலம் எங்க குலத்துக்கு. வீடு எங்க குலத்துக்கு. இந்த உண்மை ஒண்ணுதான் ஒனக்கு."

தச்சிவா தலைகுனிந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "தெரியாம பேசிட்டேன். இப்ப மனசு தெளிஞ்சிடுச்சு. ஒங்க பேரையே வைக்கட்டும்."

அஃப்ரகோமா கையை இழுத்துக்கொண்டாள். "சம்பந்தியம்மா, ஒண்ணு கேக்கறேன். கொறை நெசமாவே என்னுதா இருந்திருந்தா? இவனை முதுகுல கட்டி ஓடை தாண்டினது பொய்யாயிடுமா? அப்பவும் இது நல்ல பேருதான்னு சொல்றதா இருந்தா வைங்க. இல்லேன்னா வேற பேரு பாருங்க."

தச்சிவா எட்டு நாள் குழந்தையைப் பார்த்தாள், ஒடூரோவைப் பார்த்தாள். பிறகு நிமோவின் மடியிலிருந்து பேத்தியை வாங்கி, அஃப்ரகோமாவின் கையில் கொடுத்தாள். "அப்பவும் நல்ல பேருதான். வைங்க."

அதுவரை தூணாக நின்ற பொக்குவா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "என் புள்ளைய வளத்தே... என் தம்பி மானத்தக் காத்தே... நான் ஒன்ன அடுப்படியில வச்சேனே பாவி!"

"மெதுவாக்கா, கொழந்தை நசுங்கிடப் போவுது" என்றாள் அஃப்ரகோமா. அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

நிமோ மறுபடியும் விரலைத் தோய்த்தார். "யா அஃப்ரகோமா, தண்ணின்னா தண்ணின்னு சொல்லு." ஒரு சொட்டு. "மதுன்னா மதுன்னு சொல்லு." இன்னொரு சொட்டு. குழந்தை முகத்தைச் சுளித்து வீறிட்டது.

"இந்தக் கொழந்தை பேரு என்ன?" என்று நிமோ சபையைக் கேட்டார்.

"அஃப்ரகோமா!"

இரண்டு குலமும் ஒரே குரலில் கூப்பிட்டது. பழக்கத்தில் அவள் வாய்வரைக்கும் 'இதோ வந்துட்டேன்' என்று வந்துவிட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டாள். அவர்கள் கூப்பிட்டது கையில் இருந்தவளை.