சுழல்மரத்தில் தொங்கிய பட்டைகள்

எந்திரம் இன்று தடுமாறவே இல்லை. சுவருக்கு அப்பால் வட்டக் கொட்டகையில் எஃபியின் கணவன் கத்பர்ட் ஓட்டும் இரண்டு குதிரைகள் சுழல்மரத்தை இழுத்துச் சுற்றிவர, சுவரைத் துளைத்து வரும் இரும்புத்தண்டு இந்தப் பக்கம் கதிரடிக்கும் உருளையைச் சுழற்றும். கொட்டகை வாசலோரம் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும்போது குதிரைகள் கொஞ்சம் முரண்டுபிடிக்கும், உருளையும் முனகிவிட்டுத்தான் மறுபடி வேகமெடுக்கும். அந்த முனகலைக் காணோம். தொண்டையில் பார்லிச் சுணையும் மூக்கில் சூடான எண்ணெய் நாற்றமுமாக நின்ற எஃபி காதைக் கொடுத்துக் கேட்டாள். இங்கிலாந்தின் வடகோடியான நார்தம்பர்லாந்தின் மூடுபனி சாயங்காலத்தைச் சீக்கிரமே இருட்டாக்கியிருந்தது.

கதிர்க்கட்டைக் கீழே போட்டாள். “ஏங்க! போதும், நிறுத்துங்க!”

முற்றத்துக் கதவு திறந்தது. உள்ளே வந்தவன் கத்பர்ட்.

“எதுக்குப் புள்ள கத்துற? குதிரைங்களை அப்பவே தண்ணிக்கு அவுத்துட்டேன்.” உருளையைப் பார்த்தான். “இது ஏன் சுத்துது?”

“கழுத்துப்பட்டைங்க எங்க?”

“மரத்துலயே தொங்குது. மறுபடி பூட்டத்தானே போறோம்?”

எஃபிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வட்டாரத்துக் குதிரைக்காரன் எவனும் வெறும் பட்டையை மரத்தில் விட்டுப் போகமாட்டான். அவிழ்த்த கையோடு லாயத்துக்குத் தூக்கிப் போவான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

“அறிவிருக்கா உங்களுக்கு? அங்க போகாதீங்க. தானா நிக்கட்டும்.”

“பட்டை என்ன, என்னைக் கடிச்சிடுமா?” சிரித்துக்கொண்டே கொட்டகைக்குப் போனான்.

உருளை ஒருமுறை தொய்ந்தது. பிறகு சீரானது.

“என்னங்க?”

சுவருக்கு அப்பால் காலடி மட்டும். பூட்ஸ் காலடி. சுற்றிச் சுற்றி.

ஓடினாள். அவனை விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் யாருமில்லை.

கொட்டகைக்குள் ஈரத் தோல் வாடை. கத்பர்ட் நடந்துகொண்டிருந்தான். கழுத்தில் பட்டை. இறுகிய வார். குதிரைக் கண்மறைப்புக்குக் கீழே வாய் மட்டும் தெரிந்தது, நுரை தள்ளியபடி. வாசல் காற்று பட்டதும் தலையை உதறினான்.

“நில்லுங்க! அய்யோ, நில்லுங்க!”

வாரைப் பிடித்தாள். கொக்கி விரலிலிருந்து நழுவியது. அவிழ்க்க வேண்டுமென்றால் கூடவே நடந்தாக வேண்டும். நடந்தாள். ஒரு சுற்று. இன்னொன்று. நகம் பிய்ந்தது. கொக்கி அசையவில்லை. ஆள் கூப்பிடலாம் என்று நிற்கப் பார்த்தாள்.

கால் நிற்கவில்லை.

அவளுக்கு அந்தப் பக்கம், குதிரை உயரத்தில் தொங்கிய இரண்டாவது பட்டை வாயைப் பிளந்துகொண்டு அவள் தலை அளவுக்குத் தாழ்ந்து, கூடவே வந்துகொண்டிருந்தது.