இயன் கீறிய குவெண்டலின்

"ஆரைக் கேட்டு என்ட முகத்தைக் கீறினீங்க?"

கல்லடிப் பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கியிருந்த இயன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். மடியில் பாதி வரைந்த படம். எதிரே ஒதுங்கியிருந்த பெண்ணின் முகத்தில் அதே கண்கள்... மழையில் கலங்கிய வாவியின் நிறத்தில்.

"கேட்டிருந்தா எழும்பிப் போயிருப்பீங்க..."

"இப்பவும் போவன்!"

போகவில்லை. மழை விடவில்லை. அவள் படத்தைப் பறித்துப் பார்த்தாள்.

"நான் இவ்வளவு கோவக்காரியா?"

"ஓம். வடிவான கோவக்காரி."

சிரித்துவிட்டாள். பெயர் கேட்டான்.

"குவெண்டலின்."

அவன் கைப் பென்சில் நழுவி விழுந்தது. கவிஞர் குவெண்டலினா! குடித்துவிட்டு அடித்த தகப்பனை, மனம் கலங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களை, எதையும் ஒளிக்காமல் சொந்தப் பெயரிலேயே எழுதியவள். அதற்காகவே கணவன் விட்டுப் போனதையும் எழுதியவள். பத்திரிகைகள் போட்ட அழுத முகத்தைத்தான் இயன் பார்த்திருந்தான். இவ்வளவு துணிச்சலும் இந்தச் சின்ன உடம்புக்குள்ளா...?

பிறகு ஞாயிறுகளில் பூசை முடிந்து அவள் வாவிக்கரைக்கு வந்தாள். அவன் கீறினான். சிரிக்கிற குவெண்டலின், கொட்டாவி விடுகிற குவெண்டலின், பேசாமல் தண்ணீரையே பார்த்திருக்கிற குவெண்டலின்... ஒவ்வொரு முறையும் கோவிலுக்குள் நுழைகிறவனைப் போல அவனுக்கு மூச்சு அடங்கியது.

ஒருநாள் நாவற்குடாவில் அவள் வீட்டு மேசையில் படங்களைப் பரப்பிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன் வில்லியம். தகப்பனைப் பற்றி எழுதிய நாளிலிருந்து தங்கையோடு பேசாதவர், இயனைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"தம்பி, எங்கட டடாவை ஊர் சிரிக்க வெச்சவள் இவள். நாளைக்கு உங்களையும் எழுதுவாள். யோசிச்சீங்களா?"

குவெண்டலினின் முகம் வெளிறியது. இவனும் போய்விடுவான்... அவள் தலை நிமிரவில்லை.

"எழுதட்டும் அண்ணன்," என்றான் இயன். "நான் செய்யிறதத்தானே எழுதுவா? வெக்கப்படாத மாதிரி நடந்துக்கிறன்."

வில்லியம் மேசையில் கிடந்த ஒரு படத்தையே பார்த்தார்.

"இது... மம்மிட சிரிப்பு," என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினார்.

குவெண்டலின் அந்தப் படத்தைக் கையில் எடுத்தாள்.

"இயன்... எழுதித்தான் எனக்குப் பழக்கம். வாயால ஒண்டும் சொன்னதில்ல."

"ம்..."

"உங்கள எனக்கு விருப்பம். கனக்க விருப்பம்."

இயன் வாயைத் திறந்தான். கண்தான் நிறைந்தது.

"இவ்வளவு படம் கீறினீங்க... ஒரு பதில் சொல்ல ஏலாதா?"

"எனக்கும்..." என்றான் அவன். அதற்குமேல் அவனால் முடியவில்லை.

அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.