முகமூடியில் வேறொரு மூச்சு

படுக்கையறையில் இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கெர்ட்டு அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள்.

இதில் என்ன தப்பு என்று முதலில் பிடிபடவில்லை. உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிடும் நரம்பு நோய் வந்து அவளுக்கு இரண்டு வருடம். இப்போது நெஞ்சும் தொண்டையும். முகமூடியை மாட்டினால் இயந்திரம் அவள் இழுக்கும்போது ஊதும், விடும்போது தணியும். கழற்றிப் போட்டால் உஸ்ஸென்று ஒரே சீராக இரைந்துகொண்டு கிடக்கும். இப்போது அது இரையவில்லை. ஊதியது. தணிந்தது. ஊதியது.

மணி மூன்றுதான் ஆகியிருந்தது. வடகோடி ஊரின் டிசம்பர் என்பதால் ஜன்னலுக்கு வெளியே உறைந்த ஏரியும் இருட்டுக்குள் போய்விட்டது. பராமரிப்புக்கு வரும் மிர்யா ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் கிளம்பினாள். மறுபடி எட்டு மணிக்குத்தான் வருவாள்.

“கெட்டியாக்குற மாவு கலக்காம ஒரு சொட்டுக் காப்பி குடிக்கக் கூடாது, சொல்லிட்டேன். தண்ணியா குடிச்சா நேரா நுரையீரலுக்குப் போகும்” என்று பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“அது காப்பியாடி? பசை. கொண்டு போயி சுவத்துல போஸ்டர் ஒட்டு” என்றாள் கெர்ட்டு. நாக்கு குழறியது. மிர்யாவுக்கு மட்டும் அது புரியும்.

“ஒட்டுறேன். உங்க மூஞ்சியையே போஸ்டர் போட்டு ஒட்டுறேன்.”

கார் சத்தம் ஓய்ந்ததும் கெர்ட்டு திருட்டு வேலையை ஆரம்பித்தாள். முகமூடியைக் கழற்றினால் கத்தும் மணியை அணைத்தாள். ஆபத்தென்றால் அமுக்க வேண்டிய கை வளையத்தையும் கழற்றித் தலையணையில் வைத்தாள், இருமும்போது அது தவறி அமுங்கினால் மிர்யா வந்து நின்றுவிடுவாளே! அப்புறம் முகமூடியைக் கழற்றித் தலையணை மேல் போட்டுவிட்டு, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, மாவு கலக்காத அசல் காப்பி போட்டாள். அதன் சூடான கசப்பு மணம் மூக்கில் ஏறி, இரண்டு மாதமாய்ச் செத்துக் கிடந்த வாயெல்லாம் ஊறி, முதல் மிடறு தண்ணீராய், காப்பியாய், இறங்க வேண்டிய வழியில் இறங்கியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் முதலில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டில் இன்னொருவர் தூங்கும் மூச்சுக் கேட்டு ஒன்பது வருடம் ஆகிறது. கோப்பையைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது மிடறு வழி தவறியது. இருமினாள். இருமலா அது? பூனைத் தும்மலுக்குக்கூட அதைவிட பலம் இருக்கும். மேல் மூச்சு வாங்க, கண்ணில் நீர் முட்ட, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

படுக்கையறையில் யாரோ இருமினார்கள். நெஞ்சு நிறைய. ஆரோக்கியமாக.

“யாரு... உள்ள?”

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வாசல் பாயில் அவளுடைய பூட்ஸ் மட்டும்தான் கிடந்தது. இந்த ஊரில் திருடன்கூட அதைக் கழற்றாமல் வீட்டுக்குள் வரமாட்டான். வாசல் விளக்கு வெளிச்சத்தில், வெளியே படிக்கட்டில் விழுந்த பனியில், மிர்யா இறங்கிப்போன தடம் ஒன்றே இருந்தது.

நெஞ்சு இறுக ஆரம்பித்தது. முகமூடி இல்லாமல் அவளால் முக்கால் மணி நேரம் தாங்க முடியும். அது முடிந்துவிட்டது. போனும் வளையமும் அந்த அறையில். காற்றும் அந்த அறையில். வெளியே போகலாமென்றால், அந்தக் குளிரில் வேலி வரைக்கும்கூட மூச்சு வராது.

நடைவண்டியைத் தள்ளினாள். நான்கு அடி. நின்றாள். மூன்று அடி. உள்ளே ஊதல் அவசரமில்லாமல் ஏறி இறங்கியது. கூடத்தில் ஈரக் கம்பளி வாடை அடித்தது. அவள் வீட்டில் ஈரக் கம்பளி எதுவும் இல்லை.

கதவு பாதி திறந்திருந்தது.

கட்டிலில் யாருமில்லை. போர்வை தட்டையாகக் கிடந்தது. தலையணை மேல் முகமூடி. அதன் பிளாஸ்டிக்கில் ஆவி படர்ந்தது. மறைந்தது. படர்ந்தது.

கண் ஓரங்கள் கறுத்தன. யோசிக்க நேரமில்லை. கட்டிலில் விழுந்து, வளையத்தைத் தேடிக் கையை நீட்டினாள். தலையணையில் அது இல்லை. முகமூடியை இழுத்து முகத்தில் பதித்தாள்.

உள்ளே சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது.

இழுத்தாள். இயந்திரம் ஊதவில்லை.

மறுபடி இழுத்தாள். இயந்திரம் காத்திருந்தது. அவளுக்காக இல்லை.

மூச்சை விட்டாள், உள்ளே மிச்சமிருந்த கொஞ்சத்தை. அப்போது குழாய் அசைந்தது. ஊதவில்லை. உறிஞ்சியது. முகமூடி கன்னத்தில் கவ்விக்கொண்டது. கழற்ற விரல் எழவில்லை. காப்பி மணத்தோடு கடைசி மூச்சும் குழாய் வழியே போயிற்று.

பக்கத்தில், தட்டையாகக் கிடந்த போர்வை மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. நிதானமாக, அயர்ந்து தூங்குகிற ஆளின் நெஞ்சு மாதிரி, மறுபடி உயர்ந்தது.