ட்ரேசிங் தாளில் ஒரு பெயர்

செத்தது சங்கிலிப்பாண்டி. ஆனால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவர் பெயர் இல்லை.

போஸ்டருக்கு அச்சுத் தகடு எடுக்க பிரிண்டரிலிருந்து வந்த, மறுபக்கம் மங்கலாகத் தெரியும் ட்ரேசிங் தாள் இன்னும் சூடாக, கருகிய வாடையோடு ராஜரத்தினத்தின் கையில் இருந்தது. ராஜபாளையத்தில் அவர் அச்சுக் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவர் எதையும் வாசித்துப் பார்ப்பதில்லை. பழைய சாவு போஸ்டரைத் திரையில் திறந்து, புதிதாகச் செத்தவர் பெயரைக் கொடுத்தால் மிஷினே எல்லா இடத்திலும் மாற்றிவிடும், மனுஷக் கண் எதற்கு என்று பெருமை வேறு. போன வாரம் அந்தப் பெருமையில் மண் விழுந்தது. யாருக்கோ அடித்த போஸ்டரில் எதிர்த்த டீக்கடை பால்பாண்டியின் பெயர் விழுந்து, ஊரெல்லாம் ஒட்டியும் ஆகிவிட்டது. பால்பாண்டி வந்து வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார். மறுநாள் செத்தார். அவருக்கென்று தனியாகப் போஸ்டர் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

அதனால் இன்றைக்கு வாசித்தார்.

தாளில் இருந்தது வேலுத்தாய். அவர் மனைவி. மேலே மாடி வீட்டில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே பாத்திரம் உருளுவதும் அவள் ஏதோ முனகிப் பாடுவதும் கேட்டன.

மறுபடி அடித்தார். திரையில் சங்கிலிப்பாண்டி. தாளில் வேலுத்தாய். கிழித்துப் போட்டார். மிஷின் தானாகவே இன்னொன்றைத் தள்ளியது. அதிலும் வேலுத்தாய்.

"அண்ணாச்சி, முடிஞ்சிருச்சா? பாடிய எடுக்கதுக்குள்ள ஒட்டணும்லா?" வாசலில் குடையோடு இறந்தவரின் மைத்துனன் சோலைராஜ்.

"செத்த நேரம் இருப்பா."

மிஷினை நம்பியது போதும். முன்பெல்லாம் தப்பு வந்தால் செய்வதுபோல் பிளேடை எடுத்தார். தாளை மேஜையில் வைத்து, மனைவியின் பெயரைக் கறுப்புப் பொடி உதிர உதிரச் சுரண்டினார்.

மேலே பாட்டு நின்றது.

விடவில்லை. கடைசி எழுத்துவரை சுரண்டினார். தாள் வெளுத்தது. இனி அவளுக்கு ஒன்றுமில்லை. மூச்சு வந்தது.

"ஏட்டி வேலு!"

மாடிப்படியில் கொலுசுச் சத்தம். மெதுவாக. ஒவ்வொரு படியாக.

சோலைராஜின் கையிலிருந்து குடை விழுந்தது.

ராஜரத்தினம் திரும்பினார். வேலுத்தாய் காப்பி டம்ளரோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் எரிந்த பல்பின் வெளிச்சம் அவள் தலை வழியே மங்கலாகத் தெரிந்தது. கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. நெற்றி முதல் தாடை வரை வெளுத்த தோல். அதில் குறுக்கும் நெடுக்குமாகப் பிளேடு சுரண்டிய கோடுகள்.

டம்ளரை அவர் பக்கம் நீட்டினாள்.